வெள்ளை ஏடு

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பார்லி பீரை இன்று புட்டிகளில் அடைத்தாயிற்று. நோசிஸ்வே போய் ஒரு வருஷம். முப்பத்தொன்றாம் தேதி என் சட்டைக் கையிலிருந்து துக்கத்துணியைக் கழற்றுகிறார்கள். சடங்குக்குச் சோளப் பீர் அவள் அக்கா தொபேக்கா காய்ச்சுவாள். கூடவே என் பீரையும் எல்லோரும் குடிக்க வேண்டும். என் பெண்டாட்டிக்கு என் கையால் செய்வது இது ஒன்றுதான்.

வடிக்கத் தொடங்கும்போதே என் கம்பி வடிகட்டி கிழிந்து தொலைந்தது. அடுப்படி ஆணியில் நோசிஸ்வே போனதிலிருந்து தொங்கும், அவள் சோளப் பீர் வடித்த, புல்லில் பின்னிய வடிகட்டியை எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, அதிலேயே வடித்தேன். அவள் அதில் சோப்பே படவிட மாட்டாள். நானோ கரண்டியைக்கூடக் கொதிக்க வைப்பவன். "நீ எல்லாத்தையும் கொல்லுற, நான் வளக்குறேன்" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

புட்டிக் கழுத்தில் வெள்ளையாக ஏதோ. ஆறின பாலில் ஏடு மாதிரி. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். ஈஸ்ட் என்றால் அடியில் அல்லவா படியும்?

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று ஒன்றைக் குலுக்கி வைத்தேன். மறுபடி படர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

மோண்டேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். புட்டி பீர் காய்ச்சும் என் நண்பர்களில் அவன்தான் கெட்டிக்காரன். மூடியைத் திறந்ததும் பீர் பொங்கிக் கூரையில் அடித்தது.

"காட்டுக் கிருமி புகுந்திருச்சுண்ணே. கொட்டிரு. வெடிச்சா மூஞ்சி போயிரும்."

கொட்டிவிட்டு அவளுக்கு என்னத்தை வைப்பேன்? கடை பீரையா? ச்சே, ஒரு காரியம் உருப்படியாகச் செய்ய வக்கில்லை எனக்கு.

ஆகஸ்ட் 24, சனி

கொட்டத்தான் முற்றத்துக்குத் தூக்கிப் போனேன். சோள மாவு மூட்டையோடு தொபேக்கா வந்து நின்றாள்.

"என்ன மாப்ளே, ஆம்பள காச்சுன பீரு அழுகிருச்சா?"

"சிரிங்க மதினி. உங்க தங்கச்சியும் இதைத்தான் சொல்லியிருப்பா."

கேலியாக ஒரு வாய் குடித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. இன்னொரு வாய். அப்படியே கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எதுல வடிச்சே?"

சொன்னேன்.

"அந்தப் புல்லுக்குள்ள அவ புளிப்பு உசுரோட இருந்திருக்குடா. இது என் தங்கச்சி கைப் புளிப்பு. எனக்குத் தெரியாதா?"

நானும் குடித்தேன். சனிக்கிழமைதோறும் குடித்த ருசி. ஒரு வருஷம் — காய்ந்து கிடந்து, எனக்காகவா? முற்றத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

பிறகு முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூடியாகத் திறந்து எல்லாவற்றையும் சடங்குக்காகப் பெரிய வாளியில் ஊற்றினோம்.

ஆகஸ்ட் 31, சனி

துக்கத்துணியைக் கழற்றி எரித்தார்கள். ஒரே குவளை கை மாறி மாறிப் போனது. வாளி காலி. மோண்டே மூன்று தடவை வாங்கிக் குடித்தான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வாளி, குவளை, தட்டு எல்லாம் சோப்பு போட்டுக் கழுவினேன். வடிகட்டியை மட்டும் அப்படியே ஆணியில் மாட்டினேன்.