நீ பேஸ்புக்கில் போட்ட இரங்கல்

சூட்டி,

நீயும் பிள்ளைகளும் லண்டன் குளிரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்குக் கால் வீக்கம் கொஞ்சம்தான், பயப்படாதே.

ரொஷேலுக்கு அங்கே வந்து படிக்க விசா கிடைக்கவில்லை. உன் அத்தானை அடக்கம் செய்த அன்று நீ அவருடைய படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, "அத்தான், உங்கட மகள் இனி எங்கட பிள்ளை. இங்க வந்தால் திருப்பி அனுப்பவே மாட்டம்" என்று எழுதினாயே. சொந்தபந்தம் எல்லாம் அழுது லைக் போட்டது. விசாவுக்குக் கேள்வி கேட்டவரும் அதைத்தான் எடுத்துக் காட்டினாராம். படிப்பு முடிய அம்மாவிடம் வந்துவிடுவேன் என்று பிள்ளை சொன்னதை அவர் நம்பவில்லை.

துக்கம் என்றால் எனக்குப் போன் எடுத்து அழுதிருக்கலாமே. ஊருக்கெல்லாம் ஏன் காட்டினாய்? "மாமாவை ஏசாதீங்கோ அம்மா, பாசத்திலதானே எழுதினவர்" என்கிறாள் அவள். அந்தப் பாசத்தை நினைக்க எனக்குப் பற்றி எரிகிறது.

அதை இன்றைக்கே அழி. அழிக்க முன் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் அடித்து அனுப்பு. அவர் சிரிக்கிற படம் என்னிடம் வேறு இல்லை.

நான் சமையல் வேலைக்குப் போகிற வெள்ளவத்தை வீட்டுக்கு நேரமாகிறது, பஸ் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று எழுதும்போது, கொட்டாஞ்சேனையில் உன் றஞ்சி அக்கா தனியாக இருப்பாள் என்று உனக்கு நினைவே வரவில்லையா?