ஸ்ரீரங்கத்து வீதிகளுக்கு நிறம் கொடுத்தேன்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் நானே பேசினேன்.

நித்யா அக்காவின் டி.டி.பி. கடையில், ஸ்ரீரங்கத்து வேன் டிரைவர்களுக்காகச் சாலை வரைபடம் செய்கிறோம். இலவச மென்பொருள்தான். வீதிகளின் பெயரைத் தமிழில் போட்டால், 'கீழ அடையவளஞ்சான் வீதி' மாதிரி நீளமான பெயர்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன. பாதிப் பெயர்களை மென்பொருள் தானே மறைத்துவிடுகிறது.

"சாயங்காலத்துக்குள்ள சரிவரலைன்னா இங்கிலீஷ்ல சுருக்கிப் போட்டுடலாம்டி" என்றார் அக்கா. எனக்கு மனசே இல்லை. நானே இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

கீழ வீதிகளுக்கெல்லாம் ஒரு நிறம், மேல வீதிகளுக்கெல்லாம் ஒரு நிறம் என்று தீட்டிப் பார்த்தேன். அக்கா சிரித்தார். "கோயிலச் சுத்தி வந்தா மூலைக்கு மூலை கலர் மாறுது. கோலமா போடுற?"

அப்போதுதான் பட்டது. சித்திரை வீதி நான்கும் சேர்ந்து கோயிலைச் சுற்றி ஒரே சுற்று. அது முழுக்க மஞ்சள். உள்ளே உத்திர வீதிகள் சிவப்பு, வெளியே அடையவளஞ்சான் வீதிகள் பச்சை. சுற்றின் பெயர் ஒரே இடத்தில். பக்கத்துக்கு 'கீழ', 'மேல' என்று ஒரு சொல் போதும். எதுவும் மறையவில்லை.

வேன் முதலாளி வந்து பார்த்தார். "நல்லாருக்கே, யாருங்க செஞ்சது?" அக்கா என்னைக் காட்டிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். காதெல்லாம் சூடானது. ஆனாலும் விரல் வைத்துச் சுற்றுச் சுற்றாகச் சொன்னேன்.

"தமிழ்லயே அடிச்சிருங்க" என்றார். பிறகு எந்தக் காலேஜ் என்று கேட்டார். நான் எட்டாவதோடு... சிரித்துவைத்தேன்.

"அடுத்தது உறையூர். நீயே பண்ணு" என்றார் டீயோடு திரும்பி வந்த அக்கா. உறையூர்ச் சந்துகள் இப்படிச் சுற்றாக இல்லை. கண்ணை மூடினால் அவைதான் வருகின்றன, இன்னும் நிறமில்லாமல்.