வேரில்லாத கண்டல்

டிசம்பர் 4, வியாழன்

வருடாவருடம் ஏறிவரும் காயல் நீரைத் தடுக்க எங்கள் தெருப் பெண்கள்தான் கரையில் கண்டல் என்னும் அலையாத்திக் கன்றுகள் நட்டோம். போன வாரம் பாதி கருகிக் கிடந்தன. நாளை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். இன்று போனால் எல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. ஓர் இலையில்கூட நண்டு கடித்த தடம் இல்லை. அதுதான் உறுத்தியது. ஒன்றைப் பிடுங்கினேன். வேரே இல்லை, வெட்டிச் செருகிய கிளை.

"சேட்டா, இது என்ன?" என்று மேற்பார்வையாளர் பிஜுவிடம் கேட்டேன்.

"நாளை சாயங்காலம் வரைக்கும் வாடாது செல்வி, அது போதுமல்லோ?" என்று சிரித்தார்.

எங்கே வெட்டினார் என்று சொல்லவில்லை. திரும்பும்போது பழைய கண்டல் காட்டைக் கடந்தேன். இருட்டப்போகிறது, கொக்குகள் இன்னும் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. உட்காரக் கிளை இல்லை.