சுரண்டக் கூடாத இலை

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம்தான், நாக்குதான் செத்துப்போயிருக்கிறது. என் சமையலை நானே சாப்பிடுகிறேனே! நீ கூட இருந்து பார்த்துக்கொண்டதில் உன் அக்காவின் முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டதா? தடி பிடித்தாவது நடக்கிறார்களா?

ஒரு தப்பு செய்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. பால்கனிச் சுவரில் பலகையோடு தொங்கும் உன் மான்கொம்புப் பெரணிச் செடியைக் கொல்லப் பார்த்தேன். நீ சொன்னபடி வாரம் ஒருமுறை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஆனால் பலகையோடு ஒட்டியிருந்த வட்ட இலைகள் பழுப்பாகக் காய்ந்துவிட்டன. முப்பது வருஷம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்த கை சும்மா இருக்குமா? துருவைச் சுரண்டுவதுபோல, பட்டி பார்க்கும் தகட்டால் சுத்தமாகச் சுரண்டிவிட்டேன். கொம்புபோல நீண்ட பச்சை இலைகளில் படிந்திருந்த வெள்ளைப் பொடியையும் துணியால் துடைத்தேன். மறுநாள் காலை செடி தரையில் கிடந்தது.

நர்சரி அம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளைப் பொடி வெயிலைத் தாங்குவதற்காம். காய்ந்த இலைதான் செடியைப் பலகையோடு பிடித்துக்கொண்டு, வேருக்கு ஈரமும் எருவும் சேர்த்துவைக்குமாம்.

"காஞ்சதெல்லாம் செத்தது இல்லீங்க. அது பாட்டுக்கு அதோட வேலையச் செஞ்சுட்டுதான் இருக்கும்," என்றார். என் நரைத்த தலையைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அடியில் தேங்காய் நார் வைத்து, பழைய பனியன் துணியால் பலகையோடு கட்டிக் கொடுத்தார். புதிய வட்ட இலை வந்தால்தான் பிழைக்கும் என்றார்.

இன்னும் வரவில்லை, மூன்று வாரமாக எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? நேற்று கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய போன் போட்டேன். பேசுவது மிஷின் என்று தெரிந்தும், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா உன்னை இனி தன்னோடேயே இருந்துவிடச் சொல்வதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டேன். எல்லாம் வெறும் வீறாப்பு. எட்டு மாதமாக வராதவள் இனி எங்கே வரப்போகிறாள் என்ற கோபம். கோபம்கூட இல்லை, பயம்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. பெயிண்ட்காரனுக்கா பெண் கொடுப்பது என்று நம் கல்யாணத்துக்கே வராதவர்கள்தான், போகட்டும். முன்னறையைக் காலி செய்துவிட்டேன். கட்டில் காலைக் குட்டையாக்கினேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் அடித்தாயிற்று.

அவர்கள் வர மறுத்தால், அந்த வீட்டில் எனக்கும் ஒரு மூலை கிடைக்குமா என்று கேள். நீயாகக் கேட்டதாகச் சொல்லாதே. நான் கெஞ்சினேன் என்றே சொல்.

இரண்டு பேரும் நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
உன்னை விட்டால் ஆளில்லாத
உன் வீட்டுக்காரன்