மதகூர் ஏரியில் எறிந்த மண்வெட்டிகள்

மழை தவறாதிருக்க, மண் மலடாகாதிருக்க. வேலாழி நாடு முழுதுடைய, நாரைக்கொடி உயர்த்திய பூதலமங்கைத் தேவியாராகிய நாம், மதகூர் ஏரிக்கரையிலிருந்து, கொற்றங்கா மாநகரில் நம் பண்டாரத்து அமைச்சராய் வீற்றிருக்கும் இளவெயினனாருக்கு விடுக்கும் ஓலை. உமது மனையும் மக்களும், உம்மை நம்பிய களஞ்சியங்களும் குறைவின்றி இருக்க.

நலம் கேட்டு எழுதவே எழுத்தாணி எடுத்தோம். எழுத வருவதோ வேறு, ஐயா.

மழை பொய்த்த இவ்வாண்டில் வயற்கூலி இழந்தார் பசித்திராவண்ணம் களஞ்சியம் திறக்க நாம் பணித்ததும், வேலை உடையார், இல்லார் பங்கை உண்ணலாகாது என்று நீர் ஒரு விதி சேர்த்ததும் நினைவிருக்கும். மனையில் தொழிற்கருவி இருந்தால் அவர் தொழில் உடையார், அவருக்கு நெல் இல்லை என்பது அவ்விதி. அரண்மனையில் இருந்து கேட்க அது நியாயமாகத்தான் இருந்தது.

நேற்று முற்பகல் வானம் உடைந்து கொட்டியது. மதகருகே கரை சரிந்தது. மண்வெட்டியோடு வருக என்று பறையறைவித்தோம். ஊரே வந்தது, ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. நம்மை எள்ளுகிறார்களோ என்று சினந்தோம்.

மண்வெட்டும் குழுவுக்குத் தலைவியான வேம்பி என்பாள் முன்வந்து, "மண்வெட்டியா தாயே? அதெல்லாம் ஏரிக்குள்ளதான் கெடக்கு. தண்ணி வத்தினா எடுத்துத் தாரோம்" என்றாள். ஏன் என்று நாம் வினவ, "வீடு வீடாப் பூந்து தேடினாரு உங்க அதிகாரி. வச்சிருந்தா நெல்லு கெடையாதாம். மண்வெட்டிய அவிச்சுத் திங்க முடியுமா, சொல்லுங்க" என்றும் விண்ணப்பித்தாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆயினும் அவர்கள் இறங்கினார்கள். அகப்பையாலும் கொட்டாங்கச்சியாலும் வெறும் விரலாலும் மண் அள்ளினார்கள். தத்தம் வீட்டுக் கதவுகளைக் கழற்றி உடைப்பில் சாத்தினார்கள். கரை நின்றது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படியும். இன்று காலை வாய்க்காலில் ஆணும் பெண்ணும் மணலிட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவக் கண்டோம். தோல் உரியத் தேய்த்தார்கள். ஏன் என்பது களஞ்சிய வாயிலில்தான் விளங்கியது. உமது அதிகாரி ஒவ்வொருவர் கையையும் விரித்துப் பார்த்து, நகக்கண்ணில் சேறு கண்டவரை, "நேற்று வேலை செய்தவன் நீ, வேலை உடையவன்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். கூலி கொடுத்தவர் யார் என்று அவன் கேட்கவில்லை. ஊரைக் காத்த கைகளைத் திருடிய கைகள்போல் முதுகுக்குப் பின்னே ஒளித்து நின்றார்கள், ஐயா!

நாமே மரக்கால் எடுத்து வேம்பிக்கு அளந்தோம். அவள் முந்தானையை விரிக்கவில்லை. நாம் போனபின் அதிகாரி இருப்பான் என்றும், அவன் போனபின் வாங்கிக்கொள்வதாகவும் மெல்லச் சொன்னாள். நாட்டை உடையவர் தரும் நெல்லை வாங்க அவளுக்கு அச்சம்.

ஆகலின் நம் ஆணை இது. அவ்விதி இன்றோடு ஒழிக. அவ்வதிகாரியைத் திரும்ப அழைத்துக்கொள்க. கரையில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் கூலியும், அதற்கு மேல் களஞ்சிய நெல்லும் கொடுக்க. வேலை செய்தமையால் எவர் உணவும் குறையலாகாது. புது மண்வெட்டிகள் அடிக்கப் பண்டாரத்து இரும்பை வண்டியேற்றிக் கொல்லரோடு அனுப்புக. வண்டியோடு நீரும் வருக. வந்து உம் கையால் அளந்து, வேம்பி முந்தானை விரிக்கும்வரை களஞ்சிய வாயிலிலேயே நிற்கக் கடவீர்.

நம் ஆட்சியாண்டு ஒன்பதில், ஐப்பசித் திங்களில், கசிவு நில்லாத கரைமேல் இருந்து நாரை முத்திரை இட்டோம். வானும் நீரும் இதற்குச் சான்று.