முதுகில் சிவப்பு ஒட்டு

நவம்பர் 9, 1953

பேய் மழை. கதவைத் தட்டியவன் தெப்பமாக நனைந்திருந்தான். எங்கள் கிரீட் தீவு மலையில் வந்தவன் சாப்பிட்டு முடிக்கும் வரை பெயர் கேட்பதில்லை. கிடா வெட்டினேன். ஒன்று போதாதென்று இரண்டாக. மூன்றாவது கோப்பை ராக்கிச் சாராயத்தில்தான் கேட்டேன். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பாந்தெலிஸாம். போன கோடையில் என் அக்கா மகன் சிஃபிஸின் மந்தையைத் திருடி ஓட்டிப்போன அதே பாந்தெலிஸ். இருந்தாலும் நான்காவது கோப்பையையும் ஊற்றினேன்.

நவம்பர் 10

விடிந்ததும் சிஃபிஸ் துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறான்.

"மாமா, அவன வெளிய அனுப்பு. வேற ஒண்ணும் கேக்கல."

"என் உப்பு அவன் வயித்துல இருக்குடா. சுடணும்னா என்னச் சுட்டுட்டு உள்ள போ."

"அப்ப நான் யாரு உனக்கு?"

துருக்கிக் கப்பல் தலைவனையே பேச்சால் மடக்கியவன் நான். இவனிடம் கதவைச் சாத்தத்தான் முடிந்தது.

மாலை

காபிக்கடையில் ஒருவனும் எனக்கு நாற்காலி நகர்த்தவில்லை. பாதிரியார் வேறு, "சொந்த ரத்தத்த விடத் திருடன் ஒசத்தியா, மனூசோஸ்?" என்கிறார். தாடி வைத்தால் போதுமா? டிராய் சண்டை எதனால் வந்தது? விருந்துக்கு வந்தவன் சோறு போட்டவன் மனைவியையே கடத்திப்போனான். அந்த ஒரு துரோகத்துக்கு ஆயிரம் கப்பல் புறப்பட்டது - மூவாயிரம்கூட இருக்கும். விருந்தாளி வீட்டுக்காரனுக்குச் செய்தது தப்பென்றால், வீட்டுக்காரன் விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பது மட்டும் சரியா? மூன்று கிடா வெட்டிப் போட்டவனைக் கேட்கிறார்கள் கேள்வி!

ஆனால் சிஃபிஸ் கேட்டதற்கு என்ன சொல்வது?

நவம்பர் 11

மழை விட்டது. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் என் பரம்பரைக்கே கிடையாது. ஆணியில் தொங்கிய என் ஆட்டுமயிர் அங்கியை எடுத்துப் போர்த்திவிட்டேன். பழசுதான்; முதுகில் கிழிசலுக்கு அக்கா தைத்த சிவப்பு ஒட்டு. ஊர் எல்லை வரை கூடவே நடந்தேன். அதற்கு மேல் கணவாய். அங்கே என் வாக்கு செல்லாது.

நவம்பர் 12

சிஃபிஸ் வீட்டில் இல்லையாம். ஆணியில் துப்பாக்கியும் இல்லை என்று அக்கா அழுகிறாள்.

நவம்பர் 13

அந்தியில் சிஃபிஸ் வந்தான். விறைத்துப்போயிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்தேன். கடைசித் துணுக்கு வரை தின்றான்.

"குறி வெச்சேன், மாமா. முதுகுல அம்மா தெச்ச ஒட்டு தெரிஞ்சுது. துப்பாக்கிய இறக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். போகும்போது தன் அங்கியைக் கழற்றி, காலியாக இருந்த என் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.