மேசையின் இடது பாதி

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், உங்கப்பாவோட வலது முழங்காலைத் தவிர, அது மட்டும் படிக்கட்டைப் பாத்தாலே முனகுது. நீ அங்க நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னுதான் சொல்லப் போற, அதனால கேக்கல, இருக்கேன்னே வச்சுக்கறேன். முந்தாநாள்தானே போன்ல பேசினோம், இப்ப எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. போன்ல பேசும்போது உங்கப்பா பக்கத்துல நின்னு எல்லாத்துக்கும் தலையாட்டறாரு, உன் மூஞ்சி பாதியில உறைஞ்சு போய் நிக்குது, நான் சொல்ல வந்ததை விட்டுட்டு கேக்குதா கேக்குதான்னு கத்தறதுலயே நேரம் போயிடுது. அதோட இந்த உறைக்குள்ள ஒரு ஃபாரம் வச்சிருக்கேன், அதைப் பத்திக் கடைசியில சொல்றேன். முந்திரிக்கொட்டை மாதிரி அதை மொதல்ல எடுத்துப் படிக்காதே, வரிசையா வா.

கலை மையத்துல எனக்கு அறை கிடைச்சு அஞ்சு மாசம் ஆச்சு. பலகையில சமூகக் கலை மையம்னு பெருசா எழுதியிருக்கு, நாங்க எல்லாரும் சென்டர்னுதான் சொல்றோம், உங்கப்பா மட்டும் அக்கம்பக்கத்துல ஸ்டுடியோ ஸ்டுடியோன்னு பெருமை அடிச்சுக்கறாரு. ஒரு காலத்துல துணி கிடங்கா இருந்த கட்டடம், சுவரெல்லாம் இன்னும் பெரிய பெரிய கொக்கி. நடையோட கடைசியில ஏழாம் நம்பர் அறை என்னோடது. பக்கத்து அறையில பானை வனையற ஒருத்தி, எல்லாரும் மண்ணுக்காரின்னுதான் கூப்பிடறாங்க, அவளே அப்படித்தான் சொல்லிக்கறா. காவலுக்கு இருக்கறவருக்குப் பேரு சாவிக்கொத்து, ஆள் வர்றதுக்கு முன்னாடி சத்தம் வந்துடும். மாடியில நாலு மணிக்கு டான்ஸ் வகுப்பு, அவங்க குதிச்சா என் தண்ணிக் கிண்ணத்துல சுண்ணாம்புத் தூள் விழுது. ஆனா ஜன்னல் இருக்கு பாரு, என் உயரத்துக்கு ஒரு ஜன்னல், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே மாதிரி வெளிச்சம். முப்பது வருஷம் சாப்பாட்டு மேசையில தட்டை நகத்திட்டுத் தவளையோட வயித்தையும் அவரை விதை முளைக்கறதையும் பாடப் புத்தகத்துக்கு வரைஞ்சவளுக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம்னு உனக்குத்தான் தெரியும். குழம்புக் கறை பட்ட தவளையை எத்தனை தடவை மறுபடி வரைஞ்சிருக்கேன்.

மொதல் மூணு வாரம் ஒரு கோடு இழுக்கல தெரியுமா. பென்சில் சீவினேன், துணி துவைச்சுக் காயப் போட்டேன், புட்டிகளை உயரப்படி அடுக்கினேன், அப்புறம் கலர்படி அடுக்கினேன். உங்கப்பா மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டு வந்து, படம் எங்கன்னு கேப்பாரு, நான் யோசிச்சிட்டிருக்கேன்னு சொல்லுவேன், யோசிக்க வீட்டுலயே இடம் இருந்துச்சேன்னு சொல்லிட்டுப் போவாரு. கடைசியில நடையில இருக்கற குழாயை வரைஞ்சேன். வரைஞ்சு முடிச்சுப் பாத்தா, குழாயைச் சுத்தி அம்புக்குறி போட்டு திருகு, மூக்கு, வாஷர்னு பாகம் குறிச்சு வச்சிருக்கேன். மண்ணுக்காரி வந்து பாத்துட்டு, அக்கா இதுல அஞ்சு மார்க்குக்குக் கேள்வி வருமான்னு கேட்டா பாரு, ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். இப்ப அம்பு போடறதை விட்டுட்டேன், கை மட்டும் அப்பப்ப துடிக்கும்.

அன்னைக்குத்தான் அவ இன்னொண்ணும் கேட்டா. இவ்வளவு பெரிய மேசை இருக்கு, ஏன்க்கா வலது ஓரத்துல ஒண்டிக்கிட்டு வரையறீங்க, விழுந்து தொலைக்கப் போறீங்கன்னா. குனிஞ்சு பாக்கறேன், ஆமா, என் நாற்காலியோட ஒரு கால் மேசையைத் தாண்டி வெளிய இருக்கு. இடது பாதியில ஒரு துரும்பு இல்ல. அங்க ஒரு விளக்கு, ஒரு நாற்காலி, சும்மா. நானேதான் போட்டிருக்கேன், ஆனா போட்டது எனக்கே தெரியல. உனக்கு ஞாபகம் இருக்கா, நீ மூணாங்கிளாஸ்ல இருந்து என் இடது பக்கம்தான் உக்காருவ. நான் வலது கை, நீ பீச்சாங்கைக்காரி, ரெண்டு பேரும் வரையற கை வெளிப்பக்கம் இருக்கும், நடுவுல இடிக்காது. ஒரு நாள் நீ அடம் பிடிச்சு வலது பக்கம் உக்காந்து, முழங்கையும் முழங்கையும் இடிச்சு, அவரை விதைக்கு வால் முளைச்சுதே. அதுக்கப்புறம் நீ இடம் மாறவே இல்ல, காலேஜ் முடிக்கற வரைக்கும். வலது கையிலதான் எழுதணும்னு உன்னை அழ வச்ச டீச்சர்கிட்ட நான் போய்ச் சண்டை போட்டதை மட்டும் நீ இன்னும் ஊரெல்லாம் சொல்ற, இதை மறந்திருப்ப.

இப்ப ஒரு குத்தத்தை ஒத்துக்கணும். திட்டாதே. இந்த அறைக்கு எழுதிக் கொடுக்கும்போது, ஒருத்தர் மட்டும்னா ஜன்னல் இல்லாத சின்ன அறை, ரெண்டு பேர்னா ஜன்னல் அறைன்னாங்க. நான் ரெண்டாவது பேருக்கு உன் பேரை எழுதிட்டேன். உன்னைக் கேக்கல. ஜன்னலுக்காக எழுதினேன்னு உங்கப்பாகிட்டச் சொன்னேன், அது பாதி நெஜம். மீதிப் பாதி என்னன்னா, ரெண்டு வருஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவ, நாலு வருஷம் ஆச்சே, இந்த வருஷம் வந்துடுவா, வந்தா உக்கார இடம் வேணுமேன்னு நினைச்சேன். அங்க நீ நாள் பூரா கம்ப்யூட்டர்ல கட்டடம் வரையற, கையில பென்சில் பிடிச்சே எத்தனை காலம் ஆச்சோ. சனிக்கிழமைன்னா இங்க எல்லா அறையும் திறந்து வச்சு ஊர்க்காரங்க வந்து பாப்பாங்க. வர்றவங்க எல்லாம் இடது பக்கத்து நாற்காலியைக் காட்டி, இங்க யாருன்னு கேப்பாங்க. என் பொண்ணு, வெளிய போயிருக்கா, இப்ப வந்துடுவான்னு சொல்லிட்டிருந்தேன். பதினாறு சனிக்கிழமை இதையே சொல்லியிருக்கேன். ஒரு தாத்தா மூணாவது தடவை வந்துட்டு, உங்க பொண்ணு எப்பப் பாத்தாலும் வெளியவே போயிருக்காளேன்னாரு. அதுக்கும் சிரிச்சு மழுப்பிட்டேன்.

அந்த இடது பக்கத்துச் சுவர்ல, உன் கைக்கு எட்டற மாதிரி தாழ்வா ஒரு அலமாரிப் பலகை அடிச்சுத் தாங்கன்னு உங்கப்பாகிட்டச் சொன்னேன். உங்கப்பாவைப் பத்தி உனக்குத் தெரியும், ஒரு ஆணி அடிக்கணும்னா ஓட்டமா ஓடி வர்ற மனுஷன். என் பக்கத்துப் பலகையை ஒரே நாள்ல அடிச்சாரு, கொஞ்சம் கோணல்தான், புட்டியெல்லாம் ஒரு பக்கமா நகருது, அது வேற கதை. உன் பக்கத்துக்கு மட்டும் ஒரு நாள் சுவர் ஈரம்ங்கறாரு, ஒரு நாள் டிரில்லர் முனை உடைஞ்சுடுச்சுங்கறாரு, ஒரு நாள் முழங்கால்ங்கறாரு. போன மாசம் நான் பிடிச்சுக்கிட்டேன். என்னங்க விஷயம், பலகை அடிக்க இஷ்டம் இல்லையா, இல்ல பலகையே இல்லையான்னு கேட்டேன். மனுஷன் டிரில்லரைக் கீழ வச்சுட்டு உன் நாற்காலியில உக்காந்தாரு. அதுல யாரும் உக்காந்ததே இல்ல, எந்திரிங்கன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள சொல்லிட்டாரு. நீ அங்கயே இன்னும் மூணு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டியாம். அவர்கிட்டச் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சாம், அம்மாகிட்டப் பக்குவமாச் சொல்லுங்கப்பான்னு சொன்னியாம். ரெண்டு மாசம் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காரு, மறைக்கத் தெரியாத மனுஷன்.

கோபம் வந்துச்சுடி, வரலன்னு சொன்னா பொய். என்கிட்டச் சொல்ல உனக்கு என்ன பயம், நான் என்ன பேயா பிசாசா? அப்பாவுக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயமான்னு மூணு நாள் பொருமினேன், அவர்கிட்டப் பேசவும் இல்ல, பாவம், அவரே சாப்பாடு கட்டி எடுத்துட்டு வந்து மேசை மேல வச்சுட்டுச் சத்தமில்லாமப் போனாரு. பெத்த மனம் பித்து பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லுவாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏன்னா நாலாவது நாள் யோசிச்சுப் பாத்தேன். நீ என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சரிம்மா நல்லா இருன்னு சொல்லியிருப்பேன், சொல்லிட்டு போனை வச்சுட்டு அழுதிருப்பேன், அந்த அழுகை அங்க வரைக்கும் உனக்குக் கேட்டிருக்கும். அது தெரிஞ்சுதான் நீ சொல்லல. எனக்கு நீ வேணும், அவ்வளவுதான். தினமும் வேணும்னு இருக்கு. வெக்கத்தை விட்டு எழுதறேன். ஆனா அதுக்காக நீ அங்க பிடிச்ச வேலையை விட்டுட்டு வந்து என் பக்கத்துல மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்தா அந்த நாற்காலிக்கு என்ன லாபம்.

அந்த வாரமே சென்டர் பொறுப்பாளரம்மா கூப்பிட்டாங்க. வாசல்ல நூல் கட்டின பேனாவோட ஒரு வருகை நோட்டு இருக்கும், அதுல உன் பேருக்கு நேரா நாலு மாசமா ஒரு கையெழுத்து இல்லையேன்னு கேட்டாங்க. இடத்துக்குக் காத்திருக்கறவங்க நிறைய, மொதல் ஆளா ஒரு நர்ஸம்மா ஒண்ணரை வருஷமா நிக்கறாங்கன்னாங்க. நான் உண்மையைச் சொல்லிட்டேன். அவங்க திட்டல, அதுதான் கஷ்டமா போச்சு. ஜன்னல் அறை உங்களுக்கேதான், ஆனா அந்த இடத்தை உங்க பொண்ணுதான் விட்டுக் கொடுக்கணும், நீங்க எழுதிக் கொடுத்தாச் செல்லாது, அவங்க கையெழுத்து வர்ற வரைக்கும் நர்ஸம்மா வந்து உக்காரட்டும்னு சொல்லி ஒரு ஃபாரத்தைக் கொடுத்தாங்க.

நர்ஸம்மா வந்த அன்னைக்கு அவ மேல எனக்கு ஒரே எரிச்சல். அவ ஒரு தப்பும் பண்ணல. நாப்பது வயசிருக்கும், டியூட்டி முடிஞ்சு நேரா வர்றா, தினமும் உக்காரலாமான்னு கேட்டுட்டுத்தான் உக்காருவா. கைகளை வரையறா. அன்னைக்கு யாருக்கெல்லாம் ஊசி போட்டாளோ அவங்க கையெல்லாம் ஞாபகத்துல இருந்து. இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில துணி மாத்தற அறையில முழங்கால் மேல அட்டையை வச்சு வரைஞ்சாளாம். ஒவ்வொரு கையும் ஒரு ஆள்டி, நரம்பு தெரியற கை, பயந்த கை, மூடிக்கிட்ட கை. எரிச்சல் எங்க போச்சுன்னே தெரியல. ஒரு கஷ்டம், அவ வலதுகைக்காரி. அவ கோடு இழுக்கும்போதெல்லாம் அவ முழங்கை என் இடது கையில இடிக்கும். ஐயோ மன்னிச்சுக்கங்கக்கான்னு தினம் இருபது தடவை சொல்றா. மொதல் தடவை இடிச்சப்ப எனக்குப் பொலபொலன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவ பயந்து போய் நாடி பிடிச்சுப் பாக்கறா. நீ இருந்த அத்தனை வருஷமும் ஒரு தடவைகூட இடிக்காம உக்காந்திருந்தியே, அந்த வால் முளைச்ச அவரை விதையைத் தவிர. இடிக்காததால நீ பக்கத்துல இருக்கேங்கறதையே நான் கவனிக்காம தவளை வரைஞ்சிட்டிருந்திருக்கேன். இப்ப ஒவ்வொரு இடிக்கும் இது நீ இல்ல, இது நீ இல்லன்னு கை சொல்லுது.

உங்கப்பா இடது சுவர்ல பலகை அடிச்சுட்டாரு, நர்ஸம்மா உயரத்துக்கு. போன சனிக்கிழமை அந்தத் தாத்தா மறுபடி வந்தாரு. நர்ஸம்மாவைப் பாத்துட்டு, ஓ பொண்ணு வந்தாச்சான்னு கேட்டாரு. இல்லைங்க, என் பொண்ணு தூரத்துல வேலையில இருக்கா, இவங்க என் கூட வரையறவங்கன்னு சொன்னேன். சொல்லிட்டேன் பாத்தியா.

இப்ப ஃபாரத்தை எடு. அதுல ஒரு வரி அச்சடிச்சிருக்கும், இந்த இடம் எனக்குத் தேவையில்லைன்னு. அது அவங்க அச்சடிச்ச வரி, நீ சொன்னதா நான் எடுத்துக்க மாட்டேன், நீயும் மனசுல போட்டுக்காதே. அதுக்குக் கீழ கையெழுத்துப் போடணும். நீ லீவுல வரும்போது ஒரு வாரம் இடத்தை விட்டுத் தர்றேன்னு நர்ஸம்மா தானாவே சொல்லியிருக்கா, நீ எப்ப வருவேன்னு நான் கேக்கல, சேதியை மட்டும் சொன்னேன். அங்க ஜன்னலைத் திறந்து வச்சுத் தூங்காதே, சளி பிடிக்கும். உங்கப்பாவோட முழங்காலை ஒவ்வொரு போன்லயும் விசாரி, அவருக்கு அது பிடிக்கும். இனிமே பக்குவமாச் சொல்ற வேலையை அவர்கிட்டக் கொடுக்காதே, எதுன்னாலும் நேரா என்கிட்டச் சொல்லு, நான் அழுதா அழுதுட்டுப் போறேன், அதுல ஒண்ணும் குடி முழுகிடாது.

நீ நினைச்சதெல்லாம் நடக்கணும், கை கால் சுகத்தோட, சிரிச்ச முகத்தோட நூறு வருஷம் இருக்கணும். உங்கப்பாவும் இதேதான் சொல்றாரு, எட்டிப் பாத்துட்டு நிக்கறாரு.

உன் இடத்தை உனக்காகப் பிடிச்சு வச்சிருந்த,
அம்மா

மறக்காதே: போன்ல படம் பிடிச்சு அனுப்பினாலே ஆபீசுக்குப் போதுமாம். காகிதம் எனக்குத்தான் வேணும். மைப் பேனாவால போடு. நீ எழுதினா மை காயறதுக்கு முன்னாடி உன் கை மேல போய் இழுவி விட்டுடும், எந்த நோட்டுலயும் உன் பக்கம் அப்படித்தானே இருக்கும். இழுவினா இழுவட்டும். துடைச்சுடாதே, வேற தாள்லயும் போடாதே. அப்படியே அனுப்பு.